எங்கள் பெண்பிள்ளைகளின் அந்த ஒன்றரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

தலைமையாசிரியர் அம்மாவுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அண்ணன்கள், அக்காக்கள் எல்லோருக்கும்,

போன வாரக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படிக்கிற பெண்பிள்ளைகளிடம் மாதவிடாய் முறை தவறுவதைப் பற்றியும் சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்கிற பிசிஓஎஸ் பற்றியும் பேச ஒரு டாக்டரம்மா ஒத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மதியம், ஒன்றரை மணி நேரம், பள்ளிக்கு ஒரு பைசா செலவு கிடையாது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டீர்கள். பிள்ளைகள் வீணாகப் பயந்துபோவார்கள், இதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் போதும், நாளைக்கு யாராவது பெற்றோர் வந்து ஏன் இதைச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டால் யார் பதில் சொல்வது. இந்த மூன்றும்தான் காரணம் என்று கூட்டத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். என் மகள் உங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். நானும் ஒரு பெற்றோர். ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் 11 வருடமாக ஒரு ஸ்கேன் சென்டரின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். பெயர், வயது எழுதுவது, பணம் வாங்குவது, தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைப்பது, முறை வந்ததும் உள்ளே அனுப்புவது. சேர்ந்த புதிதில் வந்தவர்கள் பெரும்பாலும் கர்ப்பிணிகள், அப்புறம் சிறுநீரகக் கல், வயிற்றுவலி. இப்போது பள்ளிச் சீருடையோடு, புத்தகப் பையோடு ஒரு பிள்ளையாவது வராத நாள் குறைவு. வயிற்றின் மேல் வைத்து எடுக்கிற ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளை குடித்துவிட்டு, கால்களை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு, பையை மடிமேல் வைத்து வயிற்றை மறைத்தபடி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் நிறைமாத கர்ப்பிணி இருப்பார். எதிரில் இருக்கிற அத்தனை பேரும் ஒரு தடவை இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் சீருடையைப் பார்ப்பார்கள், அப்புறம் அம்மாவைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் தினமும் பார்க்கிறேன்.

நாங்கள் எழுதுகிற சீட்டில் எல்எம்பி என்று ஒரு கட்டம் உண்டு. கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதி. "எப்பம்மா வந்துச்சு?" என்று கேட்பேன். பிள்ளை அம்மாவைப் பார்க்கும். அம்மா யோசிப்பார். "போன அமாவாசைக்கு ரெண்டு நாள் முன்னாடி", "எங்க ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுன அன்னைக்கு". தேதி சொன்ன பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேதி சொல்கிற பிள்ளைக்கும் அதை எப்படிக் கணக்குப் போடுவது என்று தெரிவதில்லை. போன மாதம் 5ஆம் தேதி, இந்த மாதம் 9ஆம் தேதி, அதனால் நாலு நாள் லேட் என்று பயந்துபோய் வருகிறார்கள். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ண வேண்டும், அது மாதாமாதம் ஒரே தேதியில் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை என்று அந்தப் பிள்ளைக்கு ஒருவரும் சொன்னதில்லை. இன்னொரு பக்கம், ஏழு மாதமாக வராமலே இருந்த பிள்ளையும் இதே மேசைக்கு வந்திருக்கிறது. "வரலேன்னா நல்லதுதானே, நாப்கின் செலவு மிச்சம்னு இருந்துட்டேன் அக்கா" என்றது. நாலு நாளுக்குப் பயப்படுகிறது ஒன்று, ஏழு மாதத்துக்குப் பயப்படாமல் இருக்கிறது ஒன்று. இரண்டுமே நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

ஸ்கேன் முடிந்து ரிப்போர்ட் கையில் வந்ததும்தான் உண்மையான பயம் தொடங்கும். மில் ஷிப்ட் முடித்து, தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா, ரிப்போர்ட்டை என் மேசைமேல் வைத்து, "கட்டின்னு போட்டிருக்காங்களாம், அறுத்து எடுக்கணுமா? கேன்சரா? இவளுக்குப் புள்ள பொறக்குமா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். அந்தப் பிள்ளைக்கு 14 வயது. இரட்டை ஜடை, கையில் பேனா மை. தனக்குப் பிள்ளை பிறக்காது என்கிற செய்தியை அது என் மேசைக்கு முன்னால் நின்றுதான் கேட்டது. அதுவும் பொய்ச் செய்தி. நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லக் கூடாது, அதனால் "டாக்டரைப் பாருங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயந்துபோவார்கள் என்கிறீர்களே, அவர்கள் ஏற்கெனவே பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள் என்பதை எப்படி உங்களுக்குப் புரியவைப்பது? இது கட்டியே இல்லை. நீர்க்கட்டி என்று நாம் வைத்த பெயர்தான் பாதி வினை. சினைப்பைக்குள் முட்டையை வைத்திருக்கிற சின்னச் சின்ன நுண்பைகள் எல்லாப் பெண்ணுக்கும் உண்டு. மாதாமாதம் அதில் ஒன்று முழுதாக வளர்ந்து முட்டையை வெளியே விட வேண்டும். பிசிஓஎஸ் இருந்தால் நிறைய நுண்பைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுபோகின்றன, முட்டை சரியாக வெளிவருவதில்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது. ஸ்கேனில் கறுப்பு முத்துகள் மாதிரி தெரிவது அந்த நுண்பைகள்தான். அறுத்து எடுக்கிற கட்டி எதுவும் அங்கே இல்லை. பெண் உடம்பில் கொஞ்சமாகச் சுரக்க வேண்டிய ஆண் ஹார்மோன் கூடுதலாகச் சுரப்பதும், பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததும் இதற்குப் பின்னால் இருக்கின்றன. 1935இல் ஸ்டெய்ன், லெவந்தால் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் இதை முதன்முதலில் விவரமாக எழுதினார்கள். நம் பாட்டிமார்களுக்கும் இருந்திருக்கும், பெயர்தான் தெரியாது. உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் பத்தில் ஒருவருக்காவது இது இருக்கலாம், இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் பள்ளி காலை வழிபாட்டில் நிற்கிற வரிசைகளை ஒரு தடவை பாருங்கள் அம்மா, கணக்கு உங்களுக்கே புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எங்கள் தொழிலுக்கே எதிரான விஷயம், ஆனாலும் சொல்கிறேன். வளரும் வயதுப் பிள்ளைக்கு பிசிஓஎஸ் இருக்கிறதா என்று முடிவு செய்ய ஸ்கேனைப் பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. வயதுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை சினைப்பையில் நிறைய நுண்பைகள் தெரிவது சாதாரணம், அதை வைத்து நோய் என்று முத்திரை குத்தினால் இல்லாத நோயைக் கொடுத்ததாகிவிடும் என்பதுதான் காரணம். பெரியவர்களுக்கு மாதவிடாய் முறை தவறுவது, முகத்தில் முடி வளர்வது மாதிரி ஆண் ஹார்மோன் கூடுதலாக இருப்பதற்கான அடையாளம், சினைப்பையில் நிறைய நுண்பைகள் இருப்பது ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு இவற்றில் முதல் இரண்டும் இருந்தே ஆக வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் வர வாய்ப்பு இருக்கிறது என்று கவனித்துக்கொண்டு, பிறகு மறுபடி பார்க்க வேண்டும். வழிகாட்டுதல் இப்படி இருக்க, ஏன் இத்தனை பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்? டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கு, அதாவது எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்பதற்கு, அவர்களிடம் பதில் இல்லை என்பது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். நோட்டில் ஐந்தாறு தேதி எழுதியிருந்தால் அந்த ஸ்கேன் தேவைப்பட்டிருக்காது. மில்லில் வேலை பார்க்கிற அம்மாவின் கூலி மிச்சமாகியிருக்கும், அந்தப் பிள்ளை அந்தப் பார்வைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்றால், என் வீட்டிலேயே நடந்ததால்தான். மகளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவள் 12 வயதில் வயதுக்கு வந்தாள். இப்போது 16. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பையைப் பிரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டி வைத்திருந்த நாப்கின் ஒன்று கை பட்டுப் பிரிந்துவிட்டது. உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஒரு சொட்டு இல்லை. அடுத்ததையும் பிரித்தேன், அதுவும் வெள்ளை. அந்த மூன்று நாளும் அவள் சாமி அறைப் பக்கம் போகவில்லை, தனிப் பாயில்தான் படுத்தாள், வயிறு வலிக்கிறது என்று வெந்தயம் கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அஞ்சு மாதமாக மாதவிடாயே வராமல், வந்த மாதிரி நடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பள்ளியில் நீங்கள் கொடுக்கிற நாப்கினை மாதாமாதம் எண்ணி எடுத்து, சுற்றி, நூல் கட்டி, குப்பையில் போட்டிருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் 11 வருடம் வேலை பார்க்கிற அம்மாவின் வீட்டில்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க என்னைத் தப்பா நினைப்பீங்கன்னு" என்றாள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மூன்று மாதம் வராமல் இருந்து, வழிபாட்டில் மயங்கியும் விழுந்ததாம். "அவ குளிக்காம இருக்கா" என்று வகுப்பு முழுக்கக் கிசுகிசுத்தார்களாம். அந்தப் பிள்ளை அப்புறம் பத்து நாள் பள்ளிக்கு வரவில்லை. நம் பேச்சு வழக்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாள் தள்ளிப்போனது, குளிக்காமல் இருக்கிறாள், இந்த இரண்டுக்கும் நம் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். கல்யாணமான பெண்ணுக்கு அது சர்க்கரை வாயில் போடுகிற செய்தி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அதுவே மானம் போகிற செய்தி. முட்டை வெளிவராததால் தள்ளிப்போகலாம், தைராய்டால் தள்ளிப்போகலாம், சாப்பிடாமல் மெலிந்தால் தள்ளிப்போகலாம், பரீட்சைக் கவலையால் கூடத் தள்ளிப்போகலாம் என்று யாரும் சொல்லாத இடத்தில் அந்தப் பிள்ளை மறைக்காமல் வேறு என்ன செய்யும்? ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வெள்ளை நாப்கினைப் பார்த்த நொடியில் என் மனதிலும் முதலில் வந்தது அந்தச் சந்தேகம்தான். அவள் பயந்தது சரிதான் என்று ஆக்கிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

இதில் இன்னும் ஒன்று. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் பத்தாம் வகுப்பு அறிவியல் பரீட்சையில் மாதவிடாய் சுழற்சியின் நிலைகளை ஹார்மோன் பெயர்களோடு அட்டவணை போட்டு எழுதிவிட்டு வந்திருந்தாள். அந்தப் பாடம் முழுக்க அவளுக்கு மனப்பாடம். அந்த அட்டவணைக்கும் தன் உடம்புக்கும் சம்பந்தம் உண்டு என்று மட்டும் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. டீச்சர் அந்தப் பாடத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாராம். டீச்சரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவரையும் நாம் இப்படித்தான் வளர்த்திருக்கிறோம்.

அரசு மருத்துவமனையில் பார்த்த டாக்டரம்மா முதலில் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். அப்புறம் இருவரையும் உட்காரவைத்து விளக்கினார். வயதுக்கு வந்த முதல் வருடம் தாறுமாறாக வருவது இயல்பு. அதற்கடுத்து மூன்றாம் வருடம் முடியும்வரை 21 நாளுக்கும் 45 நாளுக்கும் இடையில் வந்தால் பரவாயில்லை. மூன்று வருடம் தாண்டிய பிறகு 21க்குக் கீழேயோ 35க்கு மேலேயோ போனால், அல்லது வருடத்தில் எட்டுத் தடவைக்கும் குறைவாக வந்தால், டாக்டரிடம் காட்ட வேண்டும். முதல் வருடம் தாண்டியவர்களுக்கு எப்போதாவது ஒரு தடவை 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தாலும் காட்ட வேண்டும். 15 வயது ஆகியும் வயதுக்கே வராவிட்டாலும் அப்படித்தான். இவ்வளவுதான். இந்த ஐந்தாறு எண்களை ஒரு கரும்பலகையில் எழுதிப்போட ஐந்து நிமிடம் ஆகுமா? வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இது கஷ்டமா?

அந்த டாக்டரம்மா ஸ்கேன் எழுதவில்லை. தைராய்டு, புரோலாக்டின் என்ற பால் சுரக்கவைக்கிற ஹார்மோன், சர்க்கரை, ஆண் ஹார்மோன் அளவு ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எழுதினார், எடையும் ரத்த அழுத்தமும் பார்த்தார், அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தின் பின்பக்கம் கறுத்து வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்தது. இரண்டு வருடமாக அதை நான் அழுக்கு என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறபோது பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, கடலைமாவும் தயிரும் போட்டுத் தேய்த்து, ஒரு தடவை தோல் உரிந்து எரிகிறது என்று அழுதாள், "ஒழுங்கா குளிச்சா ஏன் இப்படி இருக்கப் போகுது" என்று திட்டினேன். இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குத் தோல் அப்படிக் கறுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் ஊரில் எத்தனை பாத்ரூம்களில் இப்போதும் அந்த நார் தேய்த்துக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை.

தாடையில் வளர்ந்த முடிக்கு அவள் கஸ்தூரி மஞ்சள் பூசிப் பார்த்திருக்கிறாள், அப்புறம் அவள் அண்ணனின் ரேசரை எடுத்து யாருக்கும் தெரியாமல் மழித்திருக்கிறாள். மழித்தால் முடி இன்னும் அடர்த்தியாக வளரும் என்று யாரோ சொல்லி, அந்தப் பயத்தில் தினமும் மழித்திருக்கிறாள். மழிப்பதால் முடி அடர்த்தியாவதில்லை என்பதைக்கூட டாக்டரம்மா சொல்லித்தான் அவள் நம்பினாள். இதை வகுப்பில் சிலர் கவனித்து வைத்த பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நம் பள்ளியில் வருடாவருடம் எடை எடுக்கும்போது எண்ணைச் சத்தமாகப் படிக்கிற வழக்கம் இருக்கிறதே, அதற்குப் பிறகு அவள் இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள் என்பதை மட்டும் எழுதுகிறேன். குண்டாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது வரும் என்பதும் தப்பு, ஒல்லியான பிள்ளைகளுக்கும் வருகிறது. பட்டினி கிடந்தால் சரியாகிவிடும் என்பதும் தப்பு. இந்தச் சாப்பாடுதான் மற்றதைவிடச் சிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று அதே வழிகாட்டுதலே சொல்கிறது. வேளைக்கு ஒழுங்கான சாப்பாடு, தினமும் உடம்பு வேர்க்க ஓட்டம் ஆட்டம், சரியான தூக்கம், இதுதான் எல்லோருக்கும் சொல்லப்படுவது. தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரையும் உண்டு. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அதிகம், அதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றும் வழிகாட்டுதலில் இருக்கிறது. என் மகளிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அந்த டாக்டரம்மாதான்.

கல்யாணத்துக்கு அப்புறம் தெரிந்தால் போதும் என்ற காரணத்துக்கு வருகிறேன். குழுவில் யார் இதைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, யார் சொல்லியிருந்தாலும் அவருக்கு நான் வைக்கிற கேள்வி இது. பிள்ளை பெறுவதற்கு மட்டும்தானா இந்த உடம்பு? மாதக்கணக்கில் வராமல் இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும், அப்புறம் ஒரு நாள் கொட்டு கொட்டு என்று கொட்டி ரத்தசோகையில் தள்ளும். பல வருடம் அப்படியே விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. சர்க்கரை நோய் சீக்கிரமே வரும் ஆபத்து இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை போடுகிற ஊர் இது, இதன் அர்த்தம் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதெல்லாம் தாலி கட்டும்வரை காத்திருக்காது. பிள்ளை பேற்றைப் பற்றியே பேச வேண்டும் என்றாலும், பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலோர், சிலர் வைத்தியத்தோடும் சிலர் வைத்தியமே இல்லாமலும், பிள்ளை பெறுகிறார்கள் என்ற செய்தியை 14 வயதிலேயே ஒரு டாக்டர் வாயால் கேட்டுவிட்டால், அன்றைக்கு என் மேசை முன்னால் நின்ற அந்த இரட்டை ஜடைப் பிள்ளையின் முகம் அப்படி ஆகியிருக்காது.

அப்புறம் இந்த மாத்திரை விவகாரம். மாதவிடாயை ஒழுங்குபடுத்த டாக்டர்கள் சில பிள்ளைகளுக்குக் கருத்தடை மாத்திரையையே எழுதுவது உண்டு, மாதவிடாயை நடத்துகிற ஹார்மோன்களைப் போன்றவைதான் அதில் இருக்கின்றன. வீட்டில் யாராவது அந்த அட்டையைப் படித்துவிட்டால் முடிந்தது, மாத்திரை குப்பைக்குப் போகும், பிள்ளைக்கு அடி விழும். இன்னொரு பக்கம், திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ நாளைத் தள்ளிப்போட மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் மாத்திரை வாங்கிப் பிள்ளைக்குக் கொடுக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். டாக்டர் எழுதியது குப்பையில், டாக்டர் எழுதாதது வயிற்றில். பெற்றோர் வந்து கேட்பார்களே என்று பயப்படுகிறீர்கள். வரட்டும். வருகிற பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், அவர்களுக்கும் இது தெரியாது. எனக்கே தெரியாதிருந்தது.

இது நீங்கள் புதிதாக இழுத்துப் போட்டுக்கொள்கிற வேலையும் இல்லை. 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காக மத்திய அரசு 2014இல் ஒரு தனித் திட்டம் தொடங்கியது. 2020இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் இதற்கென்றே பயிற்சி பெற வேண்டும் என்று இருக்கிறது. 2013இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வருகிறதே, அவர்கள் வளரிளம் பருவத்தினரிடம் கேட்க வேண்டிய பட்டியலிலேயே மாதவிடாய் தாமதமாவது, முறை தவறுவது, மாதவிடாய் வலி எல்லாம் இருக்கின்றன. நம் பள்ளியில் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்று என் மகள் சொன்னாள். ஹாலில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "யாருக்காவது பீரியட்ஸ் பிரச்சினை இருக்கா? கை தூக்குங்க." ஒரு கையும் எழவில்லை. அஞ்சு மாதமாக வராதிருந்த என் மகளும் அந்த வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பிரச்சினை ஒன்றும் இல்லை என்று பதிவாகியிருக்கும்.

நான் கேட்பது இவைதான்.

தள்ளிவைத்த அந்த வகுப்பை இந்தப் பருவம் முடிவதற்குள் நடத்துங்கள், ஒன்பதாம் வகுப்பிலிருந்து இல்லாமல் எட்டாம் வகுப்பிலிருந்தே. ஒரு தடவையோடு நிறுத்தாமல் வருடாவருடம் நடத்துங்கள். டாக்டரம்மாவும் பெண் ஆசிரியர்களும் மட்டும் உள்ளே இருக்கட்டும். முதல் நாளே ஒரு பெட்டி வைத்து, பெயர் எழுதாமல் கேள்விகளைச் சீட்டில் எழுதிப்போடச் சொல்லுங்கள். வாயால் கேட்காத பிள்ளைகள் சீட்டில் கேட்பார்கள்.

தேதி குறித்துவைக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன நாட்காட்டி அட்டை கொடுங்கள். எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற அந்த எண்களை அட்டையின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள். அச்சுச் செலவை நானும் இன்னும் சில அம்மாக்களும் ஏற்றுக்கொள்கிறோம். அந்த அட்டை பிள்ளையிடமே இருக்க வேண்டும், எந்த டீச்சரும் வாங்கிப் பார்க்கக் கூடாது, இதை முடிவில் தெளிவாக எழுதுங்கள்.

அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள். மில்லுக்குப் போகிறவர்கள் வர முடிகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள்.

அடுத்த தடவை மருத்துவக் குழு வரும்போது பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனி அறையில் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். எடையைச் சத்தமாகப் படிப்பதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் எடுத்துக்கொண்ட விளையாட்டு வகுப்புகளைத் திருப்பிக் கொடுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது நன்றாக உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கும்போது நம் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு பீரியட் கூட மிஞ்சுவதில்லை.

நாள் தள்ளிப்போனால் யாரிடம் வந்து சொல்லலாம் என்று ஒரு டீச்சரின் பெயரைப் பிள்ளைகளுக்கு அறிவியுங்கள். அந்த டீச்சர், சொல்ல வந்த பிள்ளையைச் சந்தேகமாகக் கேள்வி கேட்கக் கூடாது.

அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஆம் இல்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள். கூட்டத்துக்கு நானும் வருகிறேன், அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவிடமும் கேட்டுவிட்டேன். எந்த வெள்ளிக்கிழமை சொன்னாலும் வரத் தயார் என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தியின் அம்மா